கவசமும் ஒரு பின்னல்தான்



கவசம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் இரண்டு விடயங்கள் வரும். ஒன்று, பாடப்புத்தகப் படத்தில் இரும்புச் சட்டையுடன் நிற்கும் போர்வீரன். மற்றது, நம் வீடுகளில் அம்மாமாரும் அம்மம்மாமாரும் பாராமல் ஓதும் கந்தசஷ்டி கவசம். முதலாவது கொல்லர் பட்டறையில் பிறந்தது. இரண்டாவது, உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்கும்படி கேட்கும் சொல்லால் ஆனது. இவை இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு கவசம் இருக்கிறது. அது நூலாலும் தும்பாலும் பின்னப்பட்டது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நயினாதீவில் நான் சென்று வரும் மாதர் குழு ஒன்றுக்கு வெளிநாட்டு உறவினர் வழியாகப் பழைய பின்னல் மெசின் ஒன்று கிடைத்தது. குழந்தைத் தொப்பியும் காலுறையும் பின்னிப் பழகினார்கள். ஆனால் "இந்த வெயிலுக்கை உதை ஆர் போடுறது?" என்ற கேள்வி முதல் வாரத்திலேயே எழுந்துவிட்டது. உடுப்பாக விற்க முடியாதென்றால் வேறு என்ன பின்னலாம் என்று தேடியபோதுதான், உலகில் சில பெண்கள் இதே மெசினில் கலைப்பொருட்கள் பின்னுவதையும், அவற்றிற்குப் பழைய போர்க் கவசங்களையும் விலங்குகளின் உடலையும் மாதிரியாக எடுப்பதையும் அறிந்தோம். கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் பின்னலுக்கும் கவசத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

வளையத்துக்குள் வளையம்

இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்யும் சங்கிலிக் கவசத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு வளையமும் பக்கத்திலுள்ள நான்கு வளையங்களோடு கோக்கப்பட்டிருக்கும். ஒரு சட்டை சுமார் 10 கிலோ வரை கனக்கும். தனி வளையம் ஒன்றுக்குப் பெரிய வலிமை இல்லை. வெட்டு விழும்போது அதன் வேகத்தை அயல் வளையங்கள் பகிர்ந்துகொள்வதால்தான் உடல் தப்புகிறது.

பின்னலும் இதே வேலையைத்தான் செய்கிறது. நெசவில் நூல்கள் நேராக ஓடி ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. பின்னலில் ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணியாகி, ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைகிறது. இழுத்தால் நெகிழும், விட்டால் திரும்பும். இந்த ஒற்றுமையைச் சினிமாக்காரர் நன்றாகப் பயன்படுத்தினார்கள். 1975இல் வெளிவந்த 'மொன்டி பைதன் அன்ட் த ஹோலி கிரெயில்' என்ற ஆங்கில நகைச்சுவைப் படத்தில் வீரர்கள் அணிந்த சங்கிலிக் கவசம் உண்மையில் வெள்ளி நிறம் பூசிய பின்னல் துணி. திரையில் அது இரும்பாகவே தெரிந்தது.

உண்மையான போர்க்களத்திலும் இரும்பு தனியாக நின்றதில்லை. அதன் கீழே பல மடிப்புத் துணியை வைத்துத் தைத்த பஞ்சு அங்கி இருந்தது. இந்தியாவில் பஞ்சு வைத்துத் தைத்த துணிக் கவசங்களே தனியாகவும் பயன்பட்டன. இரும்பு வெட்டைத் தடுத்தது. அடியின் அதிர்ச்சியைத் துணி வாங்கிக்கொண்டது. வரலாற்றுப் புத்தகங்களில் இரும்புக்குக் கிடைத்த இடம் துணிக்குக் கிடைக்கவில்லை.

விலங்குகளிடம் வாங்கிய சட்டை

கவசத்தை மனிதன் முதலில் விலங்குகளிடம்தான் கற்றான். புறநானூற்றின் 13ஆம் பாடலில் யானை மீது வரும் சோழ மன்னன் ஒருவனின் புலித்தோல் கவசம் அம்பு தைத்துக் கிழிந்திருப்பதை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடியிருக்கிறார். புலியின் தோலை அணிந்தால் புலியின் பலமும் வரும் என்ற நம்பிக்கை உலகின் பல இனங்களிடம் இருந்தது. பிற்காலத்தில் திப்பு சுல்தான் தன் படைவீரரின் சீருடைத் துணியிலேயே புலிக்கோடுகளைப் போட்டான். தோல் போய், தோலின் கோலம் துணிக்கு வந்துவிட்டது. புலியைக் கொல்லாமலே புலியை அணியலாம் என்றாயிற்று.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. இந்தியாவில் செய்யப்பட்டு 1820இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜுக்குப் பரிசளிக்கப்பட்ட ஒரு கவசம், அழுங்கின் செதில்களால் ஆனது. செதில்களுக்குப் பொன் வேலை செய்திருந்தார்கள். இன்று அது பிரித்தானிய அரச ஆயுத நூதனசாலையின் சேகரிப்பில் இருக்கிறது. தன்னைக் காக்க இயற்கை கொடுத்த கவசமே அந்தப் பிராணிக்கு எமனாகிவிட்டது. நம் நாட்டுக் காடுகளிலும் அழுங்கு உண்டு. செதிலுக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்டு அருகி வருவதால், உலகிலுள்ள எட்டு வகை அழுங்குகளையும் சர்வதேச வர்த்தகத்தில் விற்பதற்கு 2016இல் தடை முடிவானது.

இந்தக் கவலையைப் பின்னலாலேயே சொன்ன ஒரு பெண் இருக்கிறார். அவுஸ்திரேலியாவில் பிறந்து நியூயோர்க்கில் பணிபுரிந்த ரூத் மார்ஷல், புலி முதலான காட்டுப் பூனை இனங்களின் தோல்களைப் பார்த்து, அவற்றின் கோடுகளையும் புள்ளிகளையும் கணக்குத் தப்பாமல் கையால் பின்னினார். தோலை விரித்து மாட்டியதுபோல் அவை தடிகளில் கட்டப்பட்டிருக்கும். தோலின் அழகு வேண்டுமானால் நூலில் எடுங்கள், உயிரை விடுங்கள் என்பதே அதன் பொருள்.

நமது மொழி இதை எவ்வளவு எளிதாகச் சொல்கிறது பாருங்கள். பாம்பு உரிக்கும் தோலை நாம் 'பாம்புச்சட்டை' என்கிறோம். உடுப்பும் தோலும் கவசமும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன.

தென்னந்தும்பில் ஒரு கவசம்

இப்போது நம்மைப் போன்ற தீவார் செய்த ஒரு கவசத்துக்கு வருவோம். பசிபிக் சமுத்திரத்தில் கிரிபாஸ் என்றொரு நாடு இருக்கிறது. முன்பு கில்பேர்ட் தீவுகள் என அழைக்கப்பட்டு 1979இல் சுதந்திரமடைந்தது. 33 தீவுகள். பெரும்பாலும் பவளப்பாறை மீது நிற்கும் தாழ்ந்த மணல் தரைகள். இரும்பும் இல்லை, செம்பும் இல்லை. தென்னையும் கடலும் உண்டு. அதைக்கொண்டே அவர்கள் முழு உடற் கவசம் செய்தார்கள்.

பொச்சுமட்டையை மாதக்கணக்கில் உப்புநீரில் ஊறப்போட்டு, அடித்துத் தும்பெடுத்து, தொடையில் வைத்து உருட்டிக் கயிறாக்கி, அந்தக் கயிற்றை நெருக்கமாக முடிச்சிட்டுச் சட்டையும் காற்சட்டையும் மார்புக் கவசமும் செய்தார்கள். தீவுப்பகுதிப் பெண்களுக்கு இந்த வேலையை நான் விளக்க வேண்டியதில்லை. பொச்சடித்துக் கயிறு திரித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்தக் கவசங்களில் மனித முடியையும் சேர்த்துச் சாய்சதுர வடிவங்களும் மீன் உருவங்களும் போட்டிருப்பார்கள். தலைக்கு முள்ளுப் பேத்தை மீனின் தோல். நம் மீனவர் வலையில் அகப்பட்டால் எறிந்துவிடும் அதே ஊதும் மீனை, முட்கள் விறைத்து நிற்கக் காயவைத்துத் தலைக்கவசமாக்கினார்கள். மார்புக் கவசத்தின் முதுகுப்பக்கம் தலைக்கு மேலே பலகை போல் உயர்ந்து நிற்கும். சண்டையில் வீரனின் பக்கத்துப் பெண்கள் பின்னால் நின்று எதிரி மேல் எறியும் கற்கள் அவன் தலையிலேயே விழாமல் இருக்கவே அந்த ஏற்பாடு என்று சொல்லப்படுகிறது. அவர்களது ஆயுதம் சுறாப்பல் பதித்த வாள். ஆனால் கொன்றால் நட்டஈடாகக் காணி கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் இருந்ததால், காயப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்வதே நோக்கமாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் வந்த ஐரோப்பியர் இவற்றைச் சேகரித்துக் கொண்டுபோனார்கள். பிரித்தானிய நூதனசாலையிலும் கேம்பிரிஜ், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக நூதனசாலைகளிலும் இன்று அவற்றைக் காணலாம். எந்தக் கப்பலில் வந்தது, எந்தத் துரை கொடுத்தார் என்பனவற்றுக்குப் பதிவு உண்டு. மாதக்கணக்காக இருந்து கயிறு உருட்டி முடைந்தவரின் பெயரைக் காண்பது அரிது.

இந்த இடத்தில் நல்ல செய்தியும் ஒன்று உண்டு. கேம்பிரிஜ் நூதனசாலைக்காக 2016 - 2017 காலத்தில் நியூசிலாந்தில் புதிய கிரிபாஸ் கவசம் ஒன்று செய்யப்பட்டது. 'கௌதான் ரபகாவ்' என்று அதற்குப் பெயர். செய்தவர்கள் கிறிஸ் சார்ட்டரிஸ், லிசி லெக்கி, கேற்றேற்றா வட்சன் ஆகிய மூவர். பழைய கவசங்களைப் பார்த்து, மறந்துபோன முடிச்சுகளை மீண்டும் கற்றுச் செய்தார்கள். இம்முறை மூவர் பெயரும் பதிவாகியிருக்கிறது. பழைய கவசத்துக்கும் புதியதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெசின் வந்தபின் யார் கை?

பின்னல் மெசினின் கதையும் இந்தப் பெயர்க் கதையோடு சேர்ந்ததே. 1589இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார். கையால் பின்னிப் பிழைப்போரின் சீவனம் போய்விடும் என்று முதலாம் எலிசபெத் மகாராணி அதற்கு உரிமை கொடுக்க மறுத்தார். பின்னாளில் அந்தப் பொறி பரவியபோது அதன் முன் பெரும்பாலும் ஆண்கள் அமர்ந்தார்கள். நூல் சுற்றுவதும் துண்டுகளைப் பொருத்தித் தைப்பதும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விடப்பட்டது. திருப்பூர் பின்னலாடை ஆலைகளிலும் வட்ட மெசினை ஓட்டுவோர் பெரும்பாலும் ஆண்கள்தான். பிசிறு வெட்டுவதிலும் சரிபார்ப்பதிலும் பெண்களைக் காணலாம். ஒரே வேலை கையால் செய்யும்போது 'பெண்களின் பொழுதுபோக்கு' ஆகவும், மெசினில் செய்யும்போது 'தொழில்' ஆகவும் மாறுவதைச் சமூகவியலில் பால்நிலை வேலைப் பகிர்வு என்று படிக்கிறோம். தையலும் பூவேலையும் எப்படிக் 'கலை' என்ற வரிசையிலிருந்து இறக்கிப் 'பெண் குணம்' ஆக்கப்பட்டன என்பதை ரொசிகா பார்க்கர் 1984இல் ஒரு நூலாகவே எழுதினார்.

இதற்கு மெசினாலேயே பதில் சொன்ன பெண்களும் உண்டு. ஜேர்மனியைச் சேர்ந்த ரோஸ்மேரி ட்ரொக்கல் 1980களின் நடுப்பகுதியில் கம்பளிப் பின்னலைக் கணினி வழி மெசினில் பின்னுவித்து, ஓவியத்துக்குத் துணி இழுத்துக் கட்டுவதுபோலச் சட்டத்தில் கட்டிக் காட்சிக்கு வைத்தார். பின்னலைக் 'கைவேலை' என்று ஒதுக்கிய மண்டபங்களிலேயே அது ஓவியமாகத் தொங்கியது. இங்கிலாந்தின் பிரெடி ரொபின்ஸ் 2002இல் மெசினில் ஒரு முழு மனித உருவத்தைப் பின்னி, அதன் உடல் முழுவதும் பின்னலூசிகளைக் குத்தி வைத்தார். அம்பு தைத்த புனித செபஸ்தியாரின் சாயல் அது. 'கைவினை கொல்லும்' என்பது தலைப்பு. ஆபத்தில்லாத வேலை என்று சிரித்தவர்களுக்கு அது ஒரு குத்து. நம் நாட்டில் அனோலி பெரேரா லேசையும் குரோஷேயையும் துணியையும் எடுத்துப் பெண்களின் வாழ்வைக் கலையாக்கியிருக்கிறார். லேஸ் பின்னத் தெரிந்த பெண்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்களே.

நயினாதீவில் என்ன பின்னலாம்?

எங்கள் குழுவில் இதைப் பேசியபோது, இரும்பு வீரனையோ அந்நிய நாட்டுச் சிங்கத்தையோ யாரும் கேட்கவில்லை. நாகமும் கருடனும்தான் முதலில் வந்தன. நாகபூசணி அம்மனுக்குப் பூக் கொண்டு கடலை நீந்திவந்த நாகத்தைக் கருடன் வழிமறித்த கதையும், பாம்பு சுற்றிய கல்லும், கருடன் இருந்த கல்லும் இத்தீவில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்தக் கதையில் வணிகர் ஒருவர் இடையில் நின்று நாகத்தைக் காப்பாற்றுகிறார். அடுத்ததாக வந்தது நெடுந்தீவுக் குதிரை.

ஆனால் ஒரு தாய் உடனே சொன்னார்: "பாம்பைக் கால்மிதியிலை போடேலாது பிள்ளை. கும்பிடுற சாமான்." எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சுவரில் தொங்கும் பொருளாக மட்டும் நாகத்தைப் பின்னுவது, மிதிக்கும் பொருளிலும் உட்காரும் பொருளிலும் போடுவதில்லை என்று தீர்மானமாயிற்று. எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதைச் செய்பவரே தீர்மானிப்பதும் ஓர் உரிமைதான்.

செய்து பார்க்க விரும்பும் குழுக்களுக்காகச் சில குறிப்புகள்:

வீட்டுப் பாவனைக்குரிய வழமையான மெசினில் 200 ஊசிகள் இருக்கும். கோலம் போடும் அட்டை 24 கண்ணிகளுக்கு ஒருமுறை திரும்பும். ஆகவே 24ஐ மீதியின்றி வகுக்கும் எண்ணில் வடிவம் போடுங்கள். பாம்புச் செதிலை 6, 8 அல்லது 12 கண்ணி அகலத்தில் வரைந்தால் கோலம் முறியாமல் தொடரும். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தை அல்ல. அட்டையில் ஓட்டை உள்ள இடத்தில் இரண்டாவது நிறம் வரும்.

சதுரக்கோட்டுக் கொப்பியில் வட்டமாக வரைந்தது பின்னும்போது நசிந்து வரும். கண்ணியின் அகலம் உயரத்திலும் கூட என்பதே காரணம். மூன்று கண்ணி அகலத்துக்கு ஏறக்குறைய நான்கு வரிசை உயரம் என்று நீட்டி வரையுங்கள்.

தும்புக் கயிறு மெசின் ஊசிக்குள் போகாது, ஊசி முறிந்துவிடும். பருத்தி நூலில் மேல்தோலைப் பின்னி, உள்ளே நன்றாகக் காய்ந்த தும்பை அடைத்து உருவம் கொடுக்கலாம். விளிம்புக்குப் பனையோலை இழைப்பு நன்றாகப் பொருந்தும். சில ஊசிகளை நிறுத்தி வைத்து மற்றவற்றில் மட்டும் சில வரிசை ஓட்டினால் துணி அந்த இடத்தில் புடைத்து வரும். செதிலும் இறகும் மேலெழுந்து தெரிய இது உதவும்.

விலையும் பெயரும்

கடைசியாக, மிக முக்கியமான விடயம். குறிகட்டுவானிலிருந்து படகில் வரும் யாத்திரிகர்கள் நம் பெண்கள் இழைத்த பெட்டிகளை விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் பேரம் பேசாமல் வாங்குபவர் குறைவு. நகரத்துக் கடை ஒன்று மொத்தமாக வாங்கி, தன் கடைப் பெயரை ஒட்டிப் பல மடங்கு விலைக்கு விற்றதையும் பார்த்திருக்கிறேன்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு சுவர்த் தொங்கலுக்கு நூல் 900 ரூபா. போக்குவரத்தும் மெசின் தேய்மானமும் 300 ரூபா. வரைந்து அட்டை வெட்ட 3 மணித்தியாலம், பின்ன 4, அடைத்துத் தைத்து முடிக்க 5, ஆக 12 மணித்தியாலம். இதை 1,500 ரூபாவுக்கு விற்றால் செலவு போகக் கையில் நிற்பது 300 ரூபா. மணித்தியாலத்துக்கு 25 ரூபா! உங்கள் ஊரில் ஒரு நாட்கூலி என்னவென்று யோசித்துப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 200 ரூபா என்று வைத்தாலே விலை 3,600 ரூபா ஆகவேண்டும். 'வீட்டிலை சும்மா இருந்து செய்தது' என்று சொல்லி நாமே நம் நேரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். போருக்குப் பின் குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்கள் இத்தீவுகளில் பலர். அவர்களுக்கு அந்த நேரம் சும்மா வந்ததல்ல.

ஒவ்வொரு பொருளிலும் சிறிய துணித்துண்டில் செய்தவர் பெயரைத் தைப்போம் என்று நான் சொன்னபோது, மூத்த அம்மா ஒருவர் சிரித்தார். "உதுக்கென்ன பேர் பிள்ளை? கைவேலைதானே."

"கை ஆற்ற அம்மா? அந்தக் கைக்கு ஒரு பேர் இருக்கெல்லே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் பேத்தியிடம் பெயரை எழுதித் தரச் சொன்னார். இப்போது அவர் முடிக்கும் ஒவ்வொரு பொருளின் பின்புறத்திலும் சிவப்பு நூலில் அவரது பெயரும் 'நயினாதீவு' என்ற ஊர்ப்பெயரும் இருக்கின்றன.

சகோதரிகளே, நீங்கள் பின்னுவது நாகமோ குதிரையோ குழந்தைத் தொப்பியோ, அதை முடித்ததும் நூலை வெட்டுமுன் உங்கள் பெயரைத் தையுங்கள். இழைத்த பெட்டியின் அடியிலும் எழுதுங்கள். குழுவின் கொப்பியில் யார், எத்தனை மணித்தியாலம், என்ன விலை என்று பதியுங்கள். வாங்குபவர் பெயரைக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. நாளை ஒருவர் அதை எங்கோ எடுத்துப் பார்க்கும்போது, இதைச் செய்தது இன்னார் என்று அந்தப் பொருளே சொல்லட்டும்.